வெல்ஷின் வருத்தமும் நினிவேயின் சாக்குத்துணியும்

1830இல் லண்டனில் இரண்டு தொகுதிகளாக வெளிவந்த ஒரு படையதிகாரியின் நினைவுக் குறிப்புகளில் நம் ஊர்ப்பக்கத்துக் காளையார்கோவில் வருகிறது. எழுதியவர் ஜேம்ஸ் வெல்ஷ். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் இளம் அதிகாரியாக மதுரையில் இருந்தபோது அவருக்கு வேல் எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் மருது சகோதரர்களில் இளையவரான சின்ன மருது. சில ஆண்டுகள் சென்றன. 1801இல் மருது சகோதரர்களுக்கு எதிரான கம்பெனியின் போரில் கர்னல் அக்னியூ காளையார்கோவில் காட்டை வெட்டி வழி உண்டாக்கப் பாடுபட்டபோது, அந்தப் படையில் வெல்ஷும் இருந்தார். அக்டோபர் 1 அன்று ஊர் விழுந்தது. அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். சின்ன மருதுவின் மகன் துரைசாமி, வயது பதினைந்து போல இருக்கும், எழுபதுக்கும் மேற்பட்ட கைதிகளோடு 1802 பிப்ரவரியில் பினாங்குத் தீவுக்குக் கப்பலேற்றப்பட்டார்.

1818இல் பினாங்கில் இருந்த வெல்ஷின் முன்னால் உடல் தளர்ந்த கிழவர் ஒருவர் வந்து நின்றார். முப்பதைச் சற்றே தாண்டிய துரைசாமிதான் அவர். முதலில் அடையாளம் தெரியவில்லை என்பதையும், தெரிந்தபோது தம் நெஞ்சு பட்ட பாட்டையும் வெல்ஷ் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஆயுதம் பழக்கிய ஆசானைக் காட்டு விலங்குபோல வேட்டையாடிய படையில் தாமும் இருந்தோம் என்ற உறுத்தல் அந்தப் பக்கங்களில் உண்டு.

இந்த வருத்தத்தை மனந்திரும்புதல் என்று சொல்லலாமா? பழைய ஞானோபதேசத்தை மனப்பாடம் செய்து வளர்ந்த நம் பாட்டிமார் இதற்கு உடனே பதில் சொல்லியிருப்பார்கள். நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டியவை ஐந்து: பாவத்தை ஆராய்வது, அதற்காக மனஸ்தாபப்படுவது, இனிச் செய்வதில்லை என்று தீர்மானிப்பது, குருவானவரிடம் வெளிப்படுத்துவது, அபராதம் தீர்ப்பது. வெல்ஷ் முதல் இரண்டில் குறை வைக்கவில்லை. அச்சேற்றி ஊரறியச் சொன்னதால் நான்காவதையும் ஒருவாறு கணக்கில் சேர்க்கலாம். ஐந்தாவது அவர் கையில் இல்லை. கைதியை விடுவிக்கும் அதிகாரம் கம்பெனியிடம் இருந்தது. கம்பெனிக்கு மனஸ்தாபம் வரவில்லை. ஒரு தனிமனிதரின் வருத்தத்துக்கும் ஓர் அரசின் மனமாற்றத்துக்கும் இடையிலான தூரம் இதுதான். பிறரிடமிருந்து பறித்ததைத் திருப்பித் தரக்கூடிய நிலையில் இருந்தும் தராதவனுக்குப் பாவமன்னிப்பு இல்லை என்று புனித அகுஸ்தீனார் ஐந்தாம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். அரசுகளுக்கு மட்டும் இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு எப்படிக் கிடைத்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

விவிலியம் அந்த விலக்கைத் தரவில்லை. யோனா ஆகமத்தில் நினிவேயின் அரசன் அரியணையை விட்டு இறங்குகிறான், அரச உடையைக் களைந்து சாக்குத்துணி உடுத்திச் சாம்பலில் உட்காருகிறான். ஆடுமாடுகளுக்கும் சாக்குத்துணி என்று ஆணையிட்ட வேடிக்கை அங்கேதான் இருக்கிறது. ஆனால் ஆணையின் உயிர் அதன் கடைசிப் பகுதியில்: அவரவர் கையிலுள்ள வன்முறையை அவரவர் விட்டுவிட வேண்டும். கடவுள் பார்த்ததாக நூல் சொல்வது அவர்களுடைய செயல்களை. உபவாசத்தின் கடுமை பற்றி அங்கே பேச்சே இல்லை.

கடனும் வட்டியும் நன்கு தெரிந்த செட்டிநாட்டுச் சீமையில் வாழ்கிறவர்கள் நெகேமியா ஆகமத்தின் ஐந்தாம் அதிகாரத்தைக் கட்டாயம் படிக்க வேண்டும். எருசலேமின் மதில் கட்டும் வேலை நடக்கிறது. அதே நேரத்தில் ஏழைகள் பஞ்சத்துக்கும் அரசவரிக்கும் வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் அடகு வைத்து, பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கடன் கொடுத்தவர்கள் வேற்று நாட்டார் அல்லர், சொந்த இனத்துப் பெரியவர்கள். நெகேமியா சபையைக் கூட்டிக் கண்டிக்கிறார். அப்போது தாமும் தம் உறவினரும் கடன் கொடுத்திருப்பதை ஒத்துக்கொண்டுதான் பேசுகிறார். அன்றைக்கே வயலையும் வீட்டையும் நூற்றுக்கு ஒரு பங்கு வட்டியையும் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார்; கொடுப்பதாகக் குருக்கள் முன்னிலையில் சத்தியம் வாங்குகிறார். மதில் ஐம்பத்திரண்டு நாளில் முடிந்தது. அடகுச் சீட்டைக் கிழிக்காமல் மதிலை மட்டும் எழுப்பியிருந்தால் அதற்குள்ளே யார் குடியிருந்திருப்பார்கள்?

லேவியர் ஆகமம் இன்னும் தெளிவு. ஐம்பதாம் ஆண்டின் யூபிலி எக்காளம் ஊதப்பட வேண்டிய நாள், பாவப்பரிகார நாள். பாவத்துக்குக் கழுவாய் தேடிய அதே நாளில் அடிமை விடுதலையும் நிலம் திரும்பும் ஆண்டும் அறிவிக்கப்படுகின்றன. நாட்டின் நலம் மனந்திரும்புதலுக்குக் கடவுள் அனுப்பும் கூலியாக அங்கே காட்டப்படவில்லை. நிலம் உரியவன் கைக்குத் திரும்பினால் அவன் வீட்டில் உலை கொதிக்கும், அவ்வளவுதான்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. பேரிடர் வரும்போதெல்லாம் யாருடைய பாவம் என்று தேடும் பழக்கம் நம் மேடைகளில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று வேளாங்கண்ணிக் கடற்கரையில் திருப்பயணிகள் மாண்டார்கள். அவர்கள் யாரைவிடப் பாவிகள்? சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது இயேசு அந்தக் கணக்கையே மறுத்து, கேட்டவர்களைத் தங்கள் வாழ்வைப் பார்க்கச் சொன்னார். தேசத்துக்காக உபவாச ஜெபம் என்று சுவரொட்டி ஒட்டும் நண்பர்கள் பெரிதும் எடுத்தாளும் இரண்டாம் நாளாகம வசனமும் தாழ்த்திக்கொள்ளச் சொல்வது கடவுளின் சொந்த மக்களைத்தான். அடுத்த வீட்டுக்காரரையும் அவர் கோவிலையும் அது குறிக்கவில்லை. தானியேலும் நெகேமியாவும் பாவ அறிக்கை செய்யும்போது 'நாங்கள்' என்கிறார்கள். 'அவர்கள்' என்று தொடங்கினால் அது மன்றாட்டு ஆகாது, குற்றப்பத்திரிகை.

நம் மண்ணிலேயே மனந்திரும்புதல் ஓர் அரசை உலுக்கியதுண்டு. 1693 சனவரியில் மறவர் நாட்டின் தடியத்தேவர் புனித அருளானந்தரிடம் திருமுழுக்குப் பெற்றார். முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் மன்னர் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அவர் முறையிட, பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. நம் மேடைகள் அந்தப் பெண்ணை வில்லியாகவே காட்டிப் பழகிவிட்டன. தடியத்தேவரின் துணிவை நான் மதிக்கிறேன். ஆனாலும் அவருடைய மனமாற்றத்தின் விலையில் ஒரு பங்கைக் கட்டியவர்கள் அந்தப் பெண்கள் என்பதை எந்த ஓரியூர்ப் பிரசங்கத்திலாவது ஒரு வரி சொன்னால் தேவலை.

தன் பாவத்தைத் தானே அறிக்கையிடும் பாடத்தை உலக அளவில் திருச்சபை மெல்லக் கற்றுவருகிறது. 2000 மார்ச் 12 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், திருச்சபையின் பிள்ளைகள் செய்த பாவங்களுக்காக உரோமையில் பகிரங்கமாக மன்னிப்பு வேண்டினார். 2019 செப்டம்பரில் கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி பிரிட்டிஷ் ஆட்சியின் படுகொலை நடந்த ஜாலியன்வாலாபாக் மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பிரிட்டிஷ் அரசின் சார்பில் பேசத் தமக்கு உரிமையில்லை என்று அவரே சொன்னார். அந்த அரசு வருத்தத்தோடு நின்றுவிட்டது. வெல்ஷின் கதைதான், இருநூறு ஆண்டு கழித்து.

கம்பெனியை விசாரித்தது போதும். மருது சகோதரர்கள் காளையார்கோவிலுக்கு இராசகோபுரம் எழுப்பியவர்கள். சருகணி கிறிஸ்தவ ஆலயத்துக்கும் கொடையளித்தவர்கள். அந்தப் பெருந்தன்மையின் பலனை அனுபவிக்கும் நாம் நமக்குள்ளே என்ன செய்கிறோம்? திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறையில் தலித்துகளைப் பிரிக்கச் சுவர் எழுந்ததைத் தமிழ்நாடே அறியும். திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு பெரும் பாவம் என்று இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தன் கொள்கை அறிக்கையில் ஒத்துக்கொண்டது. ஞானோபதேசக் கணக்கில் அது நான்காம் படி. ஐந்தாம் படி ஒவ்வொரு பங்கின் கையிலும் இருக்கிறது.

ஆகவே இம்மலரை வாசிக்கும் பங்குமக்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் தவக்காலத்தில் தேசத்துக்காக ஒரு நாள் உபவாசம் வைப்பதற்கு முன், பங்குப் பேரவையைக் கூட்டுங்கள். கல்லறையில் யாருக்கு எந்த மூலை, தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது, திருவிழா வரி யாரிடம் வாங்கப்படுவதில்லை என்று பார்த்து, மாற்ற வேண்டியதை உயிர்ப்பு ஞாயிற்றுக்குள் மாற்றுங்கள்.