செம்பும் தொழுவமும்: ரோரோஸ் சுரங்க நகரின் நிலைபேறு

கனிமம் தீர்ந்ததும் சுரங்க ஊர் வெறிச்சோடும் என்பது தொழில் வரலாற்றில் பரவலாக ஏற்கப்பட்ட கருத்தாகும். நார்வேயின் நடுப்பகுதியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 630 மீட்டர் உயரத்தில் உள்ள ரோரோஸ் இதற்கு ஒரு விலக்கு. 1644இல் செம்புத்தாது கண்டறியப்பட்டதையடுத்துத் தோன்றிய இவ்வூர், 1977இல் செம்பு நிறுவனம் திவாலான பின்னும் குடியிருப்பு குலையாமல் நிலைத்திருக்கிறது. 1980இல் கிடைத்த யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதியை இதற்குக் காரணமாகக் காட்டுவதினும், சுரங்கத்தோடு பின்னி வளர்ந்த கால்நடை வேளாண்மையில் காரணத்தைத் தேடுவதே பொருந்தும்.

டென்மார்க்-நார்வே அரசு 1646இல் நிறுவனத்திற்கு வழங்கிய தனியுரிமைப் பரப்பு ‘சர்க்கம்ஃபெரன்ஸ்’ எனப்பட்டது. சுரங்கத்தை மையமாகக் கொண்டு நான்கு பழைய நார்வே மைல், அதாவது ஏறத்தாழ 45 கிலோமீட்டர், ஆரத்தில் வரையப்பட்ட அவ்வட்டத்திற்குள் கனிமம், காடு, நீரோட்டம் ஆகியவற்றின்மீது நிறுவனமே உரிமை பெற்றது; அங்கு வாழ்ந்த உழவர்கள் ஊதியத்திற்கு நிறுவனத்தின் பணிகளைச் செய்யக் கடமைப்பட்டனர். ஆகவே, தொடக்கத்திலிருந்தே தொழிலின் எல்லை ஊரின் எல்லையைவிடப் பன்மடங்கு விரிந்திருந்தது.

இவ்விரிவுக்கு அடிப்படை விறகுத் தேவையாகும். பாறையருகே விறகை எரித்துச் சூடேற்றி, அதில் விரிசல் விழச்செய்து தாதைப் பெயர்க்கும் முறை அக்காலத்தில் வழங்கியது. உருக்காலைக்கோ மரக்கரி இன்றியமையாததாக இருந்தது. அருகிலிருந்த காடுகள் அழிந்தபோது, மரக்கரியைத் தொலைவிலிருந்து கொண்டுவருவதைவிடத் தாதைக் காட்டுக்குக் கொண்டுசெல்வது எளிதாக இருந்ததால், உருக்காலைகள் வட்டத்தின் பல இடங்களுக்குப் பரவின. உறைந்த நிலத்திலும் ஏரியிலும் பனிச்சறுக்கு வண்டிகளில் சுமை இழுக்கும் குளிர்கால வேலை, பயிர்ப்பருவம் குறுகிய மலைநாட்டு உழவருக்கு வருவாய் தந்தது. சுரங்கம் வேளாண்மையை அழிக்காமல், அதன் ஓய்வுக் காலத்தைத் தன் தேவைக்கு ஏற்ப நிரப்பிக்கொண்டது.

ஊரின் கட்டட அமைப்பும் இதையே உணர்த்துகிறது. 1679இல் சுவீடன் படை எரித்த பின் மீண்டும் எழுந்த இந்நகரின் மரவீடுகள் தெருவை நோக்கி முகப்பும், பின்புறம் முற்றமும், அதையொட்டித் தொழுவமும் வைக்கோற் கிடங்கும் கொண்டவை. வாரநாள்களில் சுரங்கத்தருகே கூட்டுக் கொட்டகையில் தங்கிய தொழிலாளியின் குடும்பம், ஊரில் மாடு வளர்த்தும் சுற்றுநிலத்தில் புல் அறுத்தும் ஊதியக் குறையை ஈடுகட்டியது. இவ்வாறு கூலி குறைந்தபோதும் வீடு பிழைத்தது. அதே வேளையில், தொழிலாளர் குறைந்த கூலியில் காலந்தள்ள முடிந்ததால் நிறுவனமும் பயனடைந்தது என்பதை மறுக்க இயலாது.

பாரம்பரியத் தகுதியும் அதன்வழி வந்த சுற்றுலாவுமே ஊரைக் காத்தன என்போரின் வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் அத்தகுதி, 1953இல் உருக்காலை தீக்கிரையாகிக் கால் நூற்றாண்டு கடந்த பின்னரே வந்தது. அதற்குள் வீடுகள் கைவிடப்பட்டிருந்தால் அங்கீகரிக்க எதுவும் எஞ்சியிருக்காது. மேலும், 1877இல் வந்த இரயில்பாதை ஊரை வெளிச்சந்தையோடு இணைத்திருந்தது. 1850களில் தொடங்கிய பிப்ரவரிச் சந்தையும் செம்பைச் சாராத வணிகத்திற்கு இடமளித்தது. 2010இல் பாரம்பரிய எல்லை சர்க்கம்ஃபெரன்ஸ் நிலப்பரப்பை உள்ளடக்குமாறு விரிவாக்கப்பட்டதும், ஊரைத் தனித்து விளக்க முடியாது என்னும் புரிதலுக்குச் சான்றாகும்.

ரோரோஸின் நிலைபேற்றுக்கு அழிந்த காடுகளும் கட்டாயப் பணியும் விலையாகத் தரப்பட்டன. எனவே அதை முன்மாதிரி என உயர்த்துவது பொருந்தாது. எனினும், தொழில் இழந்த ஊர்களை ஆராய்வோர் மூடப்பட்ட ஆலையின் கணக்கேடுகளோடு நின்றுவிடாமல், ஆலை இயங்கிய காலத்தில் அதன் கூலிக்கு வெளியே மக்கள் எவற்றால் வாழ்ந்தனர் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதை இவ்வூர் தெளிவாக்குகிறது.