நீல டிரம்முக்குள் ஒளிந்திருக்கும் கேலன்

1/
ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் எந்தத் தெருவுல நுழைஞ்சாலும் வாசல்ல ஒரு நீல டிரம் நிக்கும். தண்ணி லாரி வந்தா அதுலதான் பிடிப்பாங்க. பெரும்பாலும் 200 லிட்டர். இந்த அளவு டிரம்முக்கு பிரிட்டிஷ் கணக்குல பழைய பேர் "44 கேலன் டிரம்". 44-ஐ 4.546-ஆல பெருக்கிப் பாருங்க, 200 வரும்.

கிட்டத்தட்ட இதே அளவு டிரம்முக்கு அமெரிக்காவுல பேர் "55 கேலன் டிரம்". டிரம் மாறல, கேலன்தான் வேற. இந்தக் குழப்பத்தோட வாலைப் பிடிச்சுக்கிட்டே போனா, உங்க வீட்டு மருந்து ஸ்பூன்ல வந்து நிக்கும். வாங்க போவோம்.

2/
ஒரு காலத்துல இங்கிலாந்துலயே பல கேலன் இருந்துச்சு. ஒயினுக்கு ஒண்ணு, பீருக்கு ஒண்ணு, தானியத்துக்கு ஒண்ணு. 1824-ல சட்டம் போட்டு எல்லாத்தையும் ஒழிச்சு, 10 பவுண்டு தண்ணி பிடிக்கிற அளவுதான் இனி ஒரு கேலன்னு முடிவு பண்ணாங்க. இன்றைய கணக்கில் 4.546 லிட்டர். இதுதான் இம்பீரியல் கேலன்.

அமெரிக்கா அதுக்கு முன்னாடியே தனி நாடாயிடுச்சு. பழைய ஒயின் கேலனையே வெச்சுக்கிச்சு. அது 3.785 லிட்டர்தான்.

3/
நம்ம ஊர் கம்பெனிக்காரங்க ஆட்சியில இருந்ததால நமக்கு வந்தது இம்பீரியல் கேலன். 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் கப்பல் குண்டு போட்டு எரிச்சது சென்னைத் துறைமுகத்துல இருந்த பர்மா ஆயில் கம்பெனியோட எண்ணெய்த் தொட்டிகளை. அந்தக் காலத்துல மண்ணெண்ணெய் வீட்டுக்கு வந்தது 4 கேலன் தகர டின்ல. அதாவது சுமார் 18 லிட்டர்.

4/
எண்ணெய்க்கு கேலன் சரி. மருந்துக்கு? கேலனைப் பொடிப்பொடியா உடைக்கணும்.

1 கேலன் = 8 பைன்ட்
1 பைன்ட் = 20 அவுன்ஸ் (568 மி.லி.)
1 அவுன்ஸ் = 8 டிராம் (28.4 மி.லி.)
1 டிராம் = 60 மினிம் (3.55 மி.லி.)

20, 8, 60... பத்து பத்தா போற கணக்கே கிடையாது. நோயாளிக்கு எத்தனை மினிம்னு மனசுலயே பெருக்கி வகுத்துத்தான் கம்பவுண்டர் மருந்து கலக்கணும்.

5/
ராயபுரத்தை ஒட்டி இருக்கிற ஸ்டான்லி ஆஸ்பத்திரியை இன்னைக்கும் பெரியவங்க "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி"ன்னு சொல்வாங்க. 1782 பஞ்சத்துல கஞ்சி ஊத்திய சத்திரம்தான் அதோட வேர். 1938-ல அங்க ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி வந்தப்போ மாணவர்கள் படிச்சது இந்த அவுன்ஸ், டிராம், மினிம் கணக்கைத்தான்.

அந்தக் கால மிக்சர் பாட்டில் ஞாபகம் இருக்கா? பாட்டிலோட பக்கவாட்டுல காகிதத்தைப் பல்லுப் பல்லா வெட்டி ஒட்டியிருப்பாங்க. ஒரு பல் இறங்கினா ஒரு வேளை மருந்து. 6 அவுன்ஸ் பாட்டில்ல 12 பல் இருந்தா, வேளைக்கு அரை அவுன்ஸ். எழுதப் படிக்கத் தெரியாத துறைமுகத் தொழிலாளிக்கும் புரியற ஏற்பாடு. ஸ்பூனை நம்பல பாருங்க!

6/
சுதந்திரத்துக்கு அப்புறம் 1956-ல எடை, அளவைச் சட்டம் வந்துச்சு. 1957 ஏப்ரல் 1-ல புதுக்காசு. 1958 அக்டோபர்ல கிலோ. 1960-களின் தொடக்கத்துக்குள்ள நாடு முழுக்க மெட்ரிக். சேர், படி, கேலன் எல்லாம் சட்டப்படி ஓய்வு.

ஆனா சட்டம் மாத்தினது அளவை. வாயில இருந்த பேரை இல்லை.

7/
சில உதாரணங்கள்:

மணலி சுத்திகரிப்பு ஆலை 1965-ல தொடங்கப்பட்ட நிறுவனம். ஆனா இன்னைக்கும் கச்சா எண்ணெய் விலையைச் செய்தியில "பேரல்"லதான் சொல்றாங்க. ஒரு பேரல் = 42 அமெரிக்க கேலன் = 159 லிட்டர்.

டாஸ்மாக்ல "குவார்ட்டர்". 6 பாட்டில் சேர்ந்தா ஒரு கேலன்னு இருந்த பழைய கணக்குல ஒரு பாட்டில் 757 மி.லி. அதுதான் 750 ஆச்சு. அதுல கால் பங்கு, கொஞ்சம் குறைச்சு 180. டாக்டரா ஒண்ணு சொல்லிடறேன்: 42.8 சதவீத சரக்குன்னா அந்த 180 மி.லி.-ல சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கு. ஒரே தடவையில 60 கிராம் போனாலே அதை மிதமிஞ்சிய குடின்னு கணக்கு வைக்குது உலக சுகாதார நிறுவனம். "ஒரு குவார்ட்டர்தானே"ங்கிற பேச்சு வேண்டாம்.

8/
இப்ப நம்ம விஷயம். ஸ்பூன்.

பழைய மருத்துவத்துல ஒரு டீஸ்பூன்னா ஒரு டிராம். அதாவது 3.55 மி.லி. மெட்ரிக் வந்தப்போ அது 5 மி.லி. ஆச்சு. பேர் அதே டீஸ்பூன். அளவு மட்டும் 40 சதவீதம் கூடிடுச்சு.

இது புத்தகத்துல இருக்கிற ஸ்பூன். உங்க அடுக்களையில இருக்கிற ஸ்பூன் ஒண்ணு 3 மி.லி. பிடிக்கும், இன்னொண்ணு 7 பிடிக்கும். பாயசம் சாப்பிடற ஸ்பூன் இன்னும் பெருசு. பெரியவங்களுக்கு இது பெரிய விஷயமில்ல. 6 கிலோ குழந்தைக்கு?

9/
காய்ச்சலுக்குத் தர்ற பாராசிட்டமாலையே எடுத்துக்குங்க. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்துல பொதுவா 1 மி.லி.-க்கு 100 மி.கி. சிரப்புல பொதுவா 5 மி.லி.-க்கு 125 மி.கி. (250 உள்ளதும் உண்டு).

"போன தடவை ஒரு ஸ்பூன் குடுத்தோமே"ன்னு சொட்டு மருந்தை 5 மி.லி. ஊத்தினா 500 மி.கி. உள்ள போயிடும். 125-க்குப் பதிலா நாலு மடங்கு. 6 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 60-லிருந்து 90 மி.கி. போதும். திரும்பத் திரும்ப இப்படி நடந்தா கல்லீரலையே பதம் பார்த்துடும். வீட்டுல யாரும் அசட்டையா இல்லை, எல்லாரும் அக்கறையாத்தான் ஊத்தியிருப்பாங்க. "ஸ்பூன்"ங்கிற பேர்தான் ஏமாத்திடுச்சு.

10/
அதே மாதிரி பாட்டிமார்கள் "கொழந்தைக்கு ரெண்டு அவுன்ஸ் பால் குடு"ன்னு சொல்வாங்க. அது 60 மி.லி. முதல் ஆறு மாசம் தாய்ப்பால் மட்டுமே போதும். டாக்டர் சொல்லி பவுடர் பால் கொடுக்கிற நிலைமை வந்தா, டப்பாவுல போட்டிருக்கிற மி.லி. கணக்கைத்தான் பார்க்கணும். பெரும்பாலும் 30 மி.லி. தண்ணிக்கு ஒரு ஸ்கூப்னு இருக்கும். அந்த 30 யாருன்னு தெரியுதா? நம்ம பழைய அவுன்ஸ்தான், வேஷம் மாத்திக்கிட்டு உக்காந்திருக்கு.

11/
என்ன செய்யலாம்?

• டாக்டர் "ஒரு ஸ்பூன்"னு சொன்னா "எத்தனை மி.லி.?"ன்னு கேளுங்க. கேக்கறது உங்க உரிமை. யாரும் கோவிச்சுக்கக் கூடாது.
• மருந்தோட வர்ற மூடி, சொட்டுக்குழாய் எதையும் தூக்கிப் போடாதீங்க. ஒரு பாட்டிலோடத இன்னொண்ணுக்கு மாத்தவும் வேண்டாம்.
• மருந்துக் கடையில ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்ச் ஒண்ணு வாங்கி வெச்சுக்குங்க. அதைவிட நல்ல ஸ்பூன் கிடையாது.
• ஓ.ஆர்.எஸ். பொட்டலத்துல 1 லிட்டருக்கும் இருக்கு, 200 மி.லி.-க்கும் இருக்கு. படிச்சுப் பார்த்து அந்த அளவு தண்ணியிலதான் கலக்கணும். லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளர்ல கரைச்சா உப்பு கூடி, குழந்தைக்கு ஆபத்து.

12/
வாசல்ல நிக்கிற டிரம்ல ரெண்டு லிட்டர் கூடினாலும் குறைஞ்சாலும் ஒண்ணும் ஆகாது. குழந்தை வாயில ஊத்தற மருந்துல ரெண்டு மி.லி.-க்கே கணக்கு இருக்கு. அவுன்ஸும் கேலனும் பேச்சுல இருந்துட்டுப் போகட்டும். மருந்துக்கு மட்டும் மி.லி.

வீட்டுல பேரப் பிள்ளைக்கு மருந்து கொடுக்கிற தாத்தா பாட்டி இருந்தா, இதை அவங்களுக்கு வாசிச்சுக் காட்டுங்க.