கரையிலிருந்து ஒரு தீவு, கடலிலிருந்து ஒரு தீவு: எழுவைதீவுக் கடற்பரப்பைப் பார்த்த கண்களின் வரலாறு

எழுவைதீவுக்குப் போக ஊர்காவற்றுறை இறங்குதுறையில் படகேற வேண்டும். யாழ்ப்பாண நகரத்திலிருந்து வருபவருக்கு அது தரை முடிகிற இடம். தீவாருக்கு அதே துறைதான் சந்தைக்கும் ஆசுப்பத்திரிக்கும் கச்சேரிக்கும் போகும் வழியின் தொடக்கம். தீவகத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் பெரும்பாலானவை முதலாவது பார்வையையே கொண்டவை. தீவு என்றால் ஒதுக்குப்புறம் என்னும் இந்த எண்ணம் என்றைக்கும் இருந்ததன்று. அது எப்படி வந்தது என்பதை ஆவணங்களில் ஓரளவு தொடர்ந்து பார்க்கலாம்.

முதற் சான்று நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு. பொலனறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டு ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதன் வாசகத்தை வெளியிட்டார். வெளிநாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது ஊர்காவற்றுறையில், வந்து இறங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்புத் தரப்பட வேண்டும் என்கிறது ஆணை. யானை, குதிரை ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவருக்கு. வணிகப் பொருள் ஏற்றிய மரக்கலமானால் சரிபாதி. தலைநகரம் உள்நாட்டில் தொலைவில் இருந்தபோதும், அரசின் கண் இந்தத் துறையைத் தன் முன்வாசலாகவே கண்டது. உடைந்த மரக்கலத்துக்குப் பங்குவிகிதம் வகுக்குமளவுக்கு இங்கே போக்குவரத்து இருந்திருக்கிறது. சிங்கள அரசன் தமிழில் ஆணையிட்டது பற்றி இன்று பலர் வியக்கிறார்கள். அந்த வியப்பு நம் காலத்துக்குரியது. துறையில் வழங்கிய மொழியில் துறைக்கான ஆணை எழுதப்பட்டது என்பதற்கு மேல் அதில் புதிர் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் வேறொரு கண்ணோடு வந்தார்கள். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே நீரில் நிற்கும் கடற்கோட்டைக்கு அவர்கள் இட்ட பெயர் ஹம்மன்ஹீல். இலங்கை முழுவதும் ஒரு பன்றித் தொடை போலவும், இந்த இடம் அதன் ஒடுங்கிய நுனி போலவும் தெரிந்ததால் வந்த பெயர் என்பது வழக்கமான விளக்கம். கடலில் படகு ஓட்டுபவருக்கு அந்த வடிவம் ஒருபோதும் தெரியாது; தாளில் வரைந்த படத்தைக் குனிந்து பார்ப்பவருக்கே அது தெரியும். நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆனது, வேலணை லெய்டன் ஆனது, காரைதீவு அம்ஸ்ரடாம் ஆனது. சுற்றிலும் கடல் இருந்ததால் நெடுந்தீவு குதிரை வளர்க்க வாய்ப்பான இடமாகத் தெரிந்தது. அந்தக் குதிரைகளின் வழிவந்தவை இன்றும் அங்கே கட்டாக்காலியாகத் திரிகின்றன. ஊர்மக்களுக்கு வழியாக இருந்த நீர், ஒல்லாந்தக் கும்பனிக்கு வேலியாயிற்று.

இதைவிட ஆழமான மாற்றம் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் நிகழ்ந்தது. பாக்கு நீரிணையைக் கடந்து தமிழகக் கரைக்குப் போய்வருவது அதுவரை வடபகுதிக் கடலோடிகளுக்கு வழமையான தொழில். 1948ஆம் ஆண்டின் குடிவருவோர் குடியகல்வோர் சட்டத்துக்குப் பின் கடவுச்சீட்டும் விசாவும் கட்டாயமாயின. தோணியும் சோளகமும் வாடையும் மாறவில்லை. நேற்று வணிகமாக இருந்த பயணம் இன்று கள்ளக்கடத்தலாயிற்று. 1974 யூனில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்திரா காந்தியும் செய்த உடன்படிக்கை இந்தக் கடலின் நடுவே எல்லைக்கோட்டை இட்டது. கோடு விழுந்ததும் இருபுறத் தலைநகரங்களுக்கும் தீவுகள் எல்லைப்புறம் ஆகிவிட்டன. 1990களில் போரினால் தீவக மக்களில் பெரும்பகுதியினர் இடம்பெயர்ந்தபோது அந்த எல்லைப்புறம் கடற்படைத் தளமாகவும் ஆயிற்று.

மிக அண்மைச் சான்று மின்சாரம். 2010களின் பிற்பகுதியில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு எழுவைதீவில் சூரிய ஒளி, காற்று, மின்கலம், டீசல் ஆகியவற்றை இணைத்த கலப்பு மின்திட்டம் இயங்கத் தொடங்கியது. அதனால் எந்தத் தூதரகமும் கலவரப்படவில்லை. 2021 சனவரியில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் அதே வகைத் திட்டத்தை ஒரு சீன நிறுவனக் கூட்டுக்கு வழங்க இலங்கை அமைச்சரவை இசைந்தது. இந்தியா எதிர்த்தது. தமிழகக் கரை 50 கி.மீ. தொலைவில்தான் இருக்கிறது என்று செய்தித்தாள்கள் அளந்து எழுதின. மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலையைக் காரணம் காட்டித் திட்டம் நிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் திசம்பரில் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்திய நன்கொடைக்கான புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தானது. 2024 மார்ச்சில் ஒரு பெங்களூர் நிறுவனத்துடன் ஒப்பந்தம் முடிந்தது. கடலும் ஒன்று, தொழில்நுட்பமும் ஒன்று. எழுவைதீவில் விளக்கெரிக்கும் இயந்திரமாகத் தெரிந்தது அடுத்த தீவில் உளவுக் கோபுரமாகத் தெரிந்ததற்குக் காரணம், பார்த்தவர்கள் டெல்லியிலும் பெய்ஜிங்கிலும் கொழும்பிலும் நின்று பார்த்தது. மூன்று ஆண்டுகள் நீண்ட அந்த இழுபறியில், டீசலை நம்பி இருந்த அனலைதீவுக் குடும்பத்தின் குரல் செய்திகளில் அரிதாகவே கேட்டது. இது என்னை இன்னமும் வருத்துகிறது.

தொங்கா நாட்டு எழுத்தாளர் எபெலி ஹௌஒஃபா 1993இல் பசிபிக் தீவுகளைப் பற்றி இதை ஒத்த ஒரு வாதத்தை வைத்தார். தூரக் கடலில் சிதறிய துண்டுகள் என்று அவற்றைக் கண்டவர்கள் வெளியார். அங்குள்ளவர்களுக்குக் கடலும் சேர்ந்ததே நாடு என்றார் அவர். நம் தீவகத்துக்கு அந்தக் கோணத்தில் எழுதப்பட்ட முழுமையான வரலாறு தேவை. அதற்கான சான்றுகள் ஆவணக் காப்பகங்களில் மட்டும் இல்லை. கோயில் மலர்களும் பாடசாலை மலர்களும் புலம்பெயர்ந்தோரின் ஊர்ச்சங்க வெளியீடுகளும் இருக்கின்றன. அவற்றுட் பல நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் கிடைக்கின்றன. கடவுச்சீட்டுக் காலத்துக்கு முன் கரைதாண்டிய பயணங்களைத் தகப்பன்மார் சொல்லக் கேட்ட தலைமுறை இன்னும் எழுவைதீவிலும் ஊர்காவற்றுறையிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறது. அவர்களின் வாய்மொழியைப் பதிவுசெய்யும் பணியை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் தீவார்களையே ஆய்வாளர்களாகக் கொண்டு தொடங்க வேண்டும்.