விருப்பும் சிறப்பும்: ஊவாத் தோட்ட மக்களும் திரைப்படமும்

மிகச் சிறந்த திரைப்படம் யாது என வினவின், பெரும்பாலோர் தாம் மிக விரும்பிய படத்தின் பெயரையே விடையாகக் கூறுவர். விருப்பையும் சிறப்பையும் ஒன்றென மயங்குதல் மக்கள் இயல்பு. சிறப்பு என்பது படைப்பினிடத்து உள்ளது. கதையமைதி, நடிப்பு, ஒளி, ஒலி என்பனவற்றை ஆராய்ந்து, பிற படைப்புகளோடு ஒப்புநோக்கித் துணியப்படுவது. விருப்போ காண்பாரிடத்து உள்ளது. அவர்தம் வாழ்வோடும் நினைவோடும் பிணைந்தது. கம்பர் காவியம் தலைசிறந்தது என்பதை மறுப்பார் இலர். ஆயினும் நம் பாட்டிமார் கண்ணீர் சொரிந்து கேட்டது நல்லதங்காள் கதையை அன்றோ? இவ்வேறுபாடு சுவை ஆராய்ச்சிக்கு மட்டும் உரியதன்று, வரலாற்றுக்கும் உரியது. பதுளையையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களையும் சான்றாகக் கொண்டு இதனை ஈண்டு நோக்குவாம்.

ஊவா தனி மாகாணமாக அமைக்கப்பட்டது 1886ஆம் ஆண்டிலாகும். கோப்பிச் செய்கை நோயால் அழிந்தபின் தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. அப்புத்தளைப் பகுதியில் தோமஸ் லிப்டன் 1890இல் தோட்டங்களை வாங்கினார். புகையிரதப் பாதை 1894இல் பண்டாரவளையையும் 1924இல் பதுளையையும் அடைந்தது. பசறை, லுணுகலை, மடுல்சீமை முதலிய மலைகளிற் கொழுந்து கொய்தவர் தமிழகத்து மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் வழியே வந்த மக்களும் அவர்தம் வழித்தோன்றல்களுமாவர். விடியுமுன் பிரட்டுக் களத்திற் கூடுதலும், மாலையில் லயத்து அறைக்கு மீளுதலுமே அவர்தம் நாளாயின. ஆயினும் அவர்கள் வெறுங்கையராய் வந்தாரல்லர். காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு என்னும் கூத்துகளைத் தம்மோடு கொணர்ந்தனர். மாசித் திங்களிற் காமன் எரிவதும் இரதி புலம்புவதும் கண்டு பழகிய கண்களே பின்னர் வெள்ளித்திரையையும் கண்டன. அக்கண்கள் திரையிடத்தே எதனைத் தேடின என்பதை உணர இச்செய்தி இன்றியமையாதது.

இனி, சிறப்பின் பக்கத்தை நோக்குவாம். இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபையின் பொருளுதவியால் 1934இல் 'சோங் ஒவ் சிலோன்', அதாவது 'இலங்கையின் கீதம்', என்னும் படம் உருவாயிற்று. இயக்கியவர் பசில் ரைட். தயாரித்தவர் ஜோன் கிரியர்சன். நான்கு சிறு விளம்பரப் படங்களாக எண்ணப்பட்டது ஒரே கலைப்படமாக மலர்ந்தது. 1935இல் பிரசல்ஸ் நகரத் திரைப்பட விழாவில் முதற் பரிசும் பெற்றது. ஆவணப்பட வரலாறு எழுதுவோர் இன்றும் அதனை முன்வரிசையில் வைப்பர், அம்மதிப்புத் தகுதியானதே. ஒலியையும் காட்சியையும் அது இணைத்த முறை அக்காலத்துக்குப் புதியது. ஆனால் அதில் வழிநடத்தும் குரல் யாருடையது? பதினேழாம் நூற்றாண்டிற் கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த ரொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலின் வாசகங்களை லயனல் வென்ட் அதிற் படிக்கின்றார். வாணிகத்தின் குரல்களும் கேட்கின்றன. கொழுந்து கொய்வோர் திரையிலே தோன்றினும், கதை சொல்லும் குரல் அவர்களுடையது அன்று. தேயிலைப் பணத்தால் எடுத்த சிறந்த படம், தேயிலை மக்கள் தம் படமென நெஞ்சில் வைத்த படமாகவில்லை.

அவர்கள் நெஞ்சில் வைத்தவை எவை? சென்னையிலிருந்து வந்த படங்களே. நகரத்துப் படமாளிகைக்குச் சென்று கண்டது சிறிது. இலங்கை வானொலியிற் பாடலாகவும் ஒலிச்சித்திரமாகவும் கேட்டது பெரிது. அவற்றுள் எம்.ஜி.ஆர். படங்களுக்குத் தோட்டங்களில் தனியிடம் இருந்தது. அவர் 1917இல் மலைநாட்டு நாவலப்பிட்டியிற் பிறந்தவர் என்பதும் அம்மக்களுக்குப் பெருமிதம் தந்தது. எனினும் பிறப்பிடம் ஒன்றே இவ்விருப்பை விளக்கப் போதாது.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டில் அவர்கள் வாக்குரிமையையும் இழந்தனர். இந்நிலையிலேதான் 1958இல் 'நாடோடி மன்னன்' வந்தது. நாடோடி ஒருவன் அரசனது இடத்தில் அமர்ந்து ஏழைகளுக்காகச் சட்டம் செய்கின்றான்! சட்டமன்றத்திற்கு ஒருவரையும் அனுப்ப இயலாத மக்கள் அக்காட்சியைக் கண்டு மகிழ்ந்தமையில் வியப்பென்ன? கலை நோக்கில் அப்படத்தில் மிகையும் நீட்சியும் உண்டு எனலாம். ஆனால் அம்மிகை எந்தக் குறையை நிரப்பிற்று என வினவுதல் வரலாற்றாசிரியன் கடனாகும்.

'பராசக்தி'யும் அத்தகையதே. 1952இல் வெளிவந்த அப்படத்தில், இரங்கூனிலிருந்து தாயகம் வந்த குணசேகரன் சென்னையில் இறங்கியதும் பொருளைப் பறிகொடுத்துத் தெருவில் அலைகின்றான். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30இற் கைச்சாத்தான சிறீமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்கவும் வகைசெய்தது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை 1974 வரை துணியப்படாதிருந்தது. பிறந்த மலையை விட்டு, கண்டறியாத 'தாயகம்' நோக்கிப் புறப்பட்ட குடும்பங்களுக்குக் குணசேகரன் கதை வெறுங் கதையாக இருந்திருக்குமோ? விரும்பிய படம் வாழ்க்கையை முந்திக்கொண்டு நின்றது.

இவ்வாறு கூறுவதால், பலர் விரும்பியதே சிறந்தது என முடிவு செய்தல் தகாது. அதுவும் பிழையே. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1956இல் அளித்த 'ரேகாவ' என்னும் சிங்களப் படம் கான் விழாவுக்குச் சென்றது. உள்நாட்டிலோ வசூலில் தோற்றது. கூட்டம் வாராமையால் அதன் சிறப்புக் குறைந்ததா? இல்லை. அதே இயக்குநரின் 'கம்பெரலிய' 1965இல் டில்லி விழாவிற் தங்கமயில் விருது பெற்று, அவர் நெறியின் வன்மையை நிலைநாட்டிற்று. விருப்பும் சிறப்பும் ஒருங்கே கூடுதலும் உண்டு: மக்கள் விரும்பிய 'மலைக்கள்ளன்' 1954ஆம் ஆண்டுக்கான குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கத்தையும் பெற்றது. ஆதலின் இரண்டும் பகையல்ல; வெவ்வேறு அளவுகோல்கள்.

தோட்ட வாழ்வையே பொருளாகக் கொண்ட படங்களும் இலங்கையில் எழாமலில்லை. கிருஷ்ணகுமார் இயக்கிய 'தோட்டக்காரி' 1963இலும், தொழிற்சங்கத் தலைவர் வீ. பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' 1975இலும் வந்தன. சென்னைப் படங்களின் பொலிவுக்கு முன் சிறு முதலீட்டுப் படங்கள் நிற்பது அரிதாயிருந்தது. 1972இல் திரைப்படக் கூட்டுத்தாபனம் இயங்கத் தொடங்கியபின் இந்தியப் படங்களின் வரவு கட்டுப்படுத்தப்பட்டமை உள்நாட்டு முயற்சிக்குச் சிறிது இடமளித்தது. ஆயின் 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரம் பதுளை நகரையும் விட்டுவைக்கவில்லை. நாட்டின் பல பாகங்களிற் படமாளிகைகளும், ஹெந்தளையிலிருந்த விஜயா படப்பிடிப்பு நிலையமும் தீக்கிரையாயின. இலங்கையில் உருவான பழைய தமிழ்ப் படங்களுட் பல இன்று காணக் கிடைப்பதில்லை.

ஈண்டு ஓர் உண்மை புலனாகும். சிறந்த படத்தைக் காக்க விழாக்களும் காப்பகங்களும் நூல்களும் உள. 'இலங்கையின் கீத'த்தை நாம் இன்றும் காணலாம். விரும்பிய படத்தின் சுருளும் ஓரளவு எஞ்சலாம். ஆனால் அதனை ஏன் விரும்பினர் என்னும் செய்தியோ விரும்பினவர் நெஞ்சிலன்றி வேறெங்கும் இல்லை. நமுனுகுலை அடிவாரத்து லயத்து மூதாட்டி ஒருத்தி கண்ணை மூடுங்கால், எழுதப்படாத வரலாற்று ஏடு ஒன்று அவளோடு மறைகின்றது.

ஆதலின் வரலாறு பயிலும் மாணவர் தம் விடுமுறை நாள்களில் தோட்டத்து முதியோரை அணுகுவாராக. "சிறந்த படம் எது?" என அவர்களைச் சோதிக்க வேண்டா, அவ்வினாவுக்கு விடையிறுக்கப் புலவர் பலர் உளர். "நீங்கள் மிக விரும்பிய படம் எது? யாருடன் சென்று கண்டீர்கள்? எவ்விடத்தில் அழுதீர்கள்?" என வினவுக. அவர்கள் கூறும் விடையில் திரைப்படத்தின் குறை நிறைகளைக் காட்டிலும் பெரியதொன்று கிடைக்கும்: கணக்கேடுகளிற் பெயராகவும் ஒப்பந்தங்களில் எண்ணாகவும் மட்டும் நின்ற மக்கள், தாம் எவ்வாறு வாழ விரும்பினர் என்பதற்கு அளிக்கும் சான்று அதுவாகும்.