காலநிலை ஐயவாதம்

காலநிலை ஐயவாதம் என்பது, புவி வெப்பமடைந்து வருவதையோ அதற்கு மனிதச் செயல்களே முதன்மைக் காரணம் என்பதையோ ஏற்க மறுக்கும் நிலைப்பாடு. 1980களின் இறுதியில் அமெரிக்காவில் அரசியல் வலுப்பெற்று, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலும் வேரூன்றியது. அறிவியலுக்குள்ளேயே எழுந்து, விடை கண்டு அடங்கிய பழைய ஐயங்களிலிருந்து இது வேறானது.

தொடக்கக்கால ஐயங்கள்

கரியமில வாயு வெப்பக் கதிர்களை உறிஞ்சுவதை ஜான் டிண்டால் 1859இல் ஆய்வகத்தில் அளந்து காட்டினார். காற்றில் அதன் அளவு இரட்டித்தால் புவி 5 முதல் 6 பாகை செல்சியஸ் வரை சூடாகும் என்று சுவீடனின் ஸ்வாந்தே அரினியஸ் 1896இல் கணக்கிட்டார். முதல் மறுப்பும் அவர் நாட்டிலிருந்தே வந்தது. குழாயில் அடைத்த வாயுவின் அளவை மாற்றியும் உறிஞ்சப்படும் வெப்பம் அதிகம் மாறவில்லை எனக் கண்ட கனூட் ஆங்ஸ்ட்ரோம், காற்றில் ஏற்கெனவே உள்ள வாயுவே உறிஞ்ச வேண்டியதையெல்லாம் உறிஞ்சிவிடுகிறது என்று 1900இல் முடிவு கட்டினார். வானிலையாளர் பலர் அரை நூற்றாண்டுக் காலம் இதை ஏற்றிருந்தனர்.

1938இல் கை காலெண்டர் என்ற ஆங்கிலேய நீராவிப் பொறியாளர், உலகெங்குமுள்ள நிலையங்களின் வெப்பநிலைப் பதிவுகளைத் திரட்டி, நிலப்பரப்பு சூடாகிவருகிறது என்றும் நிலக்கரி எரிப்பில் வெளிவரும் கரியமில வாயுவுக்கு அதில் பங்குண்டு என்றும் லண்டனின் அரச வானிலையியல் கழகத்தில் வாதிட்டார். பிரிட்டிஷ் வானிலைத் துறையின் தலைவராக இருந்த ஜார்ஜ் சிம்ப்சன் உள்ளிட்ட வல்லுநர்கள் அதை ஏற்கவில்லை. கூடுதல் வாயுவைக் கடல் விழுங்கிவிடும் என்ற நம்பிக்கையும் அக்காலத்தில் வலுவாக இருந்தது.

இவ்வையங்களை அளவீடுகளே தீர்த்தன. வளிமண்டல மேலடுக்குகளின் மெல்லிய, வறண்ட காற்றில் கூடுதல் வாயு வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கிறது என்பதை கில்பர்ட் பிளாஸ் 1956இல் கணினியின் துணையோடு நிறுவினார். கடல் வாயுவை ஏற்பதற்கு வரம்புண்டு என்று ரோஜர் ரெவெல், ஹான்ஸ் சூயஸ் இருவரும் 1957இல் காட்டினர். 1958இல் ஹவாய் தீவின் மவுனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்காக இருந்த வாயு, இன்று 420ஐக் கடந்துவிட்டது.

வகைகள்

ஜெர்மானிய அறிஞர் ஸ்டெஃபான் ராம்ஸ்டார்ஃப் ஐயவாதத்தை மூவகையாகப் பிரித்தார்: வெப்பமடைதலையே மறுப்பது, அது நிகழ்வதை ஒப்பினாலும் மனிதர் காரணமல்ல என்பது, காரணத்தையும் ஒப்புக்கொண்டு, விளைவு தீங்கற்றது அல்லது நன்மையே என்பது. ஒருவரே இடத்துக்கேற்ப ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதும் உண்டு.

ஒழுங்கமைக்கப்பட்ட மறுப்பு

1988 ஜூனில் நாசா அறிவியலர் ஜேம்ஸ் ஹேன்சன், புவி வெப்பமடைந்து வருவதாக அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சியமளித்ததும் எதிர்ப்பு திரண்டது. எண்ணெய், நிலக்கரி, வாகன நிறுவனங்களின் ஆதரவோடு 1989இல் உருவான உலகக் காலநிலைக் கூட்டமைப்பு 2002 வரை இயங்கியது. இதே நோக்கில் செயல்பட்ட ஜார்ஜ் மார்ஷல் நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரான இயற்பியலர் ஃபிரெடரிக் சைட்ஸ், முன்பு சிகரெட் நிறுவனம் ஒன்றின் ஆய்வு ஆலோசகராக இருந்தவர். புகையிலையின் தீங்கை மறைக்கக் கையாண்ட உத்தியே காலநிலைக்கும் பயன்பட்டது: அறிவியலைப் பொய்யென நிறுவத் தேவையில்லை, முடிவு இன்னும் எட்டப்படவில்லை என்று மக்களை நம்பவைத்தால் போதும். அறிவியல் வரலாற்றாளர் நேயோமி ஒரெஸ்கஸ் 2004இல் ஆராய்ந்த 928 ஆய்வுச் சுருக்கங்களில் ஒன்றுகூட, மனிதரே காரணம் என்ற பொதுக் கருத்தை மறுக்கவில்லை.

வல்லுநர் மீதான நம்பிக்கை

2009 நவம்பரில் பிரிட்டனின் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகக் காலநிலை ஆய்வாளர்களின் மின்னஞ்சல்கள் களவாடி வெளியிடப்பட்டன. அவை மோசடிக்குச் சான்று என்றனர் ஐயவாதிகள். விசாரணைகள் மோசடி ஏதுமில்லை என்றன. தரவுகளைப் பகிர்வதில் வெளிப்படைத்தன்மை போதாது என்றும் கண்டித்தன. அதே காலத்தில், 2035க்குள் இமயப் பனியாறுகள் மறைந்துவிடக்கூடும் என்று ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2007 அறிக்கையில் இருந்த கூற்றும் சர்ச்சைக்குள்ளானது. பனியாறுகள் குறித்து இந்திய நிலவியலர் வி. கே. ரெய்னா எழுதிய மாறுபட்ட அறிக்கையைக் குழுத் தலைவர் ஆர். கே. பச்சௌரி முதலில் கடுமையாகச் சாடினார். 2010 ஜனவரியில் பிழையைக் குழு ஒப்புக்கொண்டது. பனியாறுகள் உருகுவது உண்மை, ஆண்டுதான் தவறு. ஆயினும், கேள்வி கேட்டவரை முதலில் புறந்தள்ளியதே நம்பிக்கைக்கு அதிகக் கேடு செய்தது.

இன்றைய நிலை

வெப்பமடைதலைக் கட்டுப்படுத்துவதற்கான 2015 பாரிஸ் உடன்படிக்கையிலிருந்து அமெரிக்கா 2020இல் விலகி, 2021இல் மீண்டும் சேர்ந்து, 2025இல் மறுபடி விலகுவதாக அறிவித்தது. வெப்பமடைதலை மறுத்த குரல்கள் பல, தீர்வுகளால் பயனில்லை என்ற வாதத்துக்கு மாறியுள்ளன.