வேலியும் பயிரும்: தமிழகக் கிராமக் காவலின் கதை

முன்னுரை

ஒரு கிராமத்தில் இரவு இரண்டு மணிக்கு ஒரு ஜோடி மாடு களவு போகிறது. காவல் நிலையம் பத்து, பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் சில காவலர்கள். அவர்கள் பார்க்க வேண்டிய ஊர்களோ பல. மாட்டை யார் ஓட்டிச் சென்றிருப்பார்கள், எந்த வழியாகப் போயிருப்பார்கள் என்பது பெரும்பாலும் ஊருக்குத் தெரியும், காவல் நிலையத்துக்குத் தெரியாது. ஆனால் ஒருவரைப் பிடிக்கவும் விசாரிக்கவும் சட்டப்படி அதிகாரம் பெற்றது காவல் நிலையம்தான்.

தகவல் ஓரிடத்திலும் அதிகாரம் வேறிடத்திலும் இருப்பதே கிராமப்புறக் குற்றத் தடுப்பின் பழைய சிக்கல். இதனால்தான் "காவல்துறையும் மக்களும் கைகோர்க்க வேண்டும்" என்று எல்லா அரசுகளும் சொல்லி வந்திருக்கின்றன. தமிழகத்தில் இந்தக் கைகோர்ப்பு பல முறை நடந்திருக்கிறது. சில முறை ஊரைக் காப்பாற்றியது, சில முறை ஊரையே சுட்டது. ஏன் அப்படி ஆனது என்பதை வரலாற்றில் தேடிப் பார்ப்போம்.

ஆகோள் முதல் பாடிகாவல் வரை

தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில் உள்ள புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ்-பிராமி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். அவற்றில் ஒன்றில் 'ஆகோள்' என்ற சொல் இருக்கிறது. ஆகோள் என்றால் ஆநிரை கவர்தல், அதாவது மாடு பிடித்தல். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழமையான அந்தக் கல் ஒரு மாடுபிடிச் சண்டையில் இறந்த வீரனுக்காக நடப்பட்டது.

பழந்தமிழ் இலக்கணம் மாடு கவர்வதை வெட்சி என்றும், மீட்பதைக் கரந்தை என்றும் பிரித்தது. இரண்டையுமே வீரச் செயலாகத்தான் பார்த்தது. மாட்டை மீட்கத் தெரிந்தவனுக்கு அதைக் கவரவும் தெரியும் என்பது அன்றே தெரிந்த விஷயம். பின்னால் வரும் கதைக்கும் இதுதான் அடிப்படை.

சோழர் காலக் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்ற வரி அடிக்கடி வருகிறது. ஊர்க் காவலுக்காக மக்கள் கொடுத்த வரி அது. காவல் இலவசமாக வருவதில்லை, அதற்கு ஊர் கூலி கொடுத்தாக வேண்டும் என்ற எண்ணம் அப்போதே நிலைபெற்றிருந்தது.

களவு போனால் காவல்காரர் பொறுப்பு

நாயக்கர் ஆட்சிக்குப் பின் தென்தமிழகத்தில் காவல் இரண்டு அடுக்காக இருந்தது. ஓர் ஊரை மட்டும் காப்பது தலக்காவல். பல ஊர்களையும் வழிகளையும் சேர்த்துக் காப்பது திசைக்காவல். தலக்காவலை ஊர்க் காவல்காரரும் தலையாரியும் பார்த்தார்கள். திசைக்காவல் பெரும்பாலும் பாளையக்காரர் கையில் இருந்தது. அறுவடை நேரத்தில் களத்திலேயே காவலுக்கான தானியத்தை அளந்து கொடுத்துவிடுவார்கள்.

இந்த முறையின் உயிர் ஒரே ஒரு விதியில் இருந்தது. களவு போன பொருளைக் காவல்காரர் கண்டுபிடித்துத் தர வேண்டும். முடியாவிட்டால் அதன் மதிப்பைத் தாமே கொடுக்க வேண்டும். இன்றைய காவல் நிலையத்தில் இப்படி ஒரு விதி இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தால் அதன் வலிமை புரியும். இழப்பு தன் தலையில் விழும் என்பதால் காவல்காரர் கண் விழித்திருந்தார்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் இருந்தது. காவல் கூலி கொடுக்க மறுத்த ஊரில் களவு நடந்தது. களவு போன மாட்டைத் திரும்பப் பெற இடையாள் மூலம் 'துப்புக்கூலி' கொடுக்க வேண்டியிருந்தது. 1906-இல் வெளிவந்த மதுரை மாவட்ட கெசட்டியர் இந்த வழக்கத்தை விரிவாகவே பதிவு செய்திருக்கிறது. மாட்டைக் கொண்டு போனவருக்கும் துப்புச் சொன்னவருக்கும் தொடர்பு இருந்தாலும் கேட்பதற்கு ஆளில்லை. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். ஆயினும் அந்த வேலிக்கு ஒரு கணக்கு இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

கம்பெனி வந்த பின்

1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மனும், 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டனர். பாளையங்களின் கோட்டைகள் இடிக்கப்பட்டன. ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. திசைக்காவல் வருமானத்தைக் கம்பெனி தன் வசம் எடுத்துக்கொண்டது. கூலியை எடுத்துக்கொண்ட கம்பெனி, "களவு போனால் ஈடு தருவேன்" என்ற பொறுப்பை எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்து 1816-ஆம் ஆண்டின் 11-ஆம் ரெகுலேஷன் வந்தது. தாமஸ் மன்றோவின் யோசனைப்படி கிராமத் தலைவருக்கும் தாசில்தாருக்கும் போலீஸ் அதிகாரம் கொடுக்கப்பட்டது. உள்ளூர் ஆட்களைக் கொண்டே உள்ளூரைக் காப்பது என்பது கேட்க நல்ல யோசனைதான். ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. சிறு குற்றம் செய்தவரைக் கிராமத் தலைவர் சாவடியில் பன்னிரண்டு மணி நேரம் வரை அடைத்து வைக்கலாம். அவர் 'தாழ்ந்த சாதி'யைச் சேர்ந்தவர் என்றால் ஆறு மணி நேரம் வரை தொழுமரத்தில், அதாவது காலை மாட்டிப் பூட்டும் கட்டையில், வைக்கலாம். ஊரோடு கைகோர்ப்பது என்றால் ஊரின் சாதி ஏற்றத்தாழ்வோடும் சேர்த்தே கைகோர்ப்பது என்று அன்றைய அரசு எடுத்துக்கொண்டது.

வரி வசூலிப்பவரே போலீசாகவும் இருந்ததால் வேறொரு கேடும் விளைந்தது. 1855-இல் வெளிவந்த சென்னை மாகாணச் சித்திரவதை ஆணைய அறிக்கை கிட்டி, அண்ணாந்தாள் போன்ற கொடுமைகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. விரல்களைக் கட்டைகளுக்கு நடுவே வைத்து நசுக்குவது கிட்டி. ஆளை வளைத்துக் கட்டிப் போடுவது அண்ணாந்தாள். வரி பாக்கிக்கும் இவை பயன்பட்டன, களவை ஒப்புக்கொள்ள வைக்கவும் பயன்பட்டன.

இதன் விளைவாகவே 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டம் வந்தது. வருவாய்த் துறையிலிருந்து போலீஸ் பிரிக்கப்பட்டது. சென்னை மாகாணத்தின் முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரலாக வில்லியம் ராபின்சன் பொறுப்பேற்றார். சீருடை, சம்பளம், மேலதிகாரி எல்லாம் வந்தன. ஆனால் ஊரை அறிந்த தலையாரி வருவாய்த் துறை ஊழியராகவே தொடர்ந்தார். ஊரை அறியாத கான்ஸ்டபிள் போலீஸ் ஆனார். தகவலும் அதிகாரமும் தனித்தனியாகப் பிரிந்தது இங்கேதான்.

1896: கொம்பு ஊதிய ஊர்கள்

சட்டப்படி காவல் உரிமை போய்விட்டாலும் மதுரைப் பகுதியில் வழக்கப்படி அது தொடர்ந்தது. பல ஊர்களில் அந்த உரிமை பிரமலைக் கள்ளர் குடும்பங்களிடம் இருந்தது. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டு மதுரைக்குத் தண்ணீர் வந்தபோதும் உசிலம்பட்டிப் பக்கத்து மேட்டு நிலங்களுக்கு அது ஏறவில்லை. வானம் பார்த்த பூமியில் காவல் கூலி பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது.

அடுத்த ஆண்டே, 1896-இல், காவல் கூலி கொடுத்து வந்த ஊர்கள் ஒன்று சேர்ந்தன. "இனி உங்கள் காவல் வேண்டாம்" என்று அறிவித்தன. 'பண்டு' என்ற பெயரில் பொது நிதி சேர்த்தார்கள். களவு கொடுத்தவருக்கு அந்த நிதியிலிருந்து ஈடு தருவது திட்டம். ஊருக்கு ஊர் கொம்பு வைத்துக்கொண்டார்கள். களவு நடந்தவுடன் கொம்பு ஊத வேண்டும். சத்தம் கேட்டவர் எல்லாரும் ஓடிவர வேண்டும்.

மக்களே நடத்திய குற்றத் தடுப்பு என்று பார்த்தால் இது வியக்க வைக்கும் ஏற்பாடு. காப்பீடும் இருந்தது, எச்சரிக்கை மணியும் இருந்தது. அரசாங்கத்தை எதிர்பார்க்காமல் ஊர்களே செய்தன.

ஆனால் அந்த இயக்கம் அத்தோடு நிற்கவில்லை. களவுக்கு எதிராகத் தொடங்கியது ஒரு சாதிக்கு எதிரானதாக மாறியது. கள்ளர் வீடுகள் பல இடங்களில் கொளுத்தப்பட்டன. களவுக்கும் தங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாத குடும்பங்களும் ஊரை விட்டு ஓட வேண்டியதாயிற்று. கொம்புச் சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள் 'ஊர்' என்று எண்ணியது தங்களை மட்டுமே. பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குள் சேர்த்தியா இல்லையா என்ற கேள்வி அங்கே எழவே இல்லை.

பெருங்காமநல்லூர்

ஊர்கள் செய்ததை அடுத்து அரசாங்கம் சட்டமாகவே செய்தது. 1871-இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1918-இல் பிரமலைக் கள்ளர் சமூகம் முழுவதும் அதன் கீழ் கொண்டுவரப்பட்டது. குற்றம் செய்தாரா என்று யாரும் கேட்கவில்லை. அந்தச் சமூகத்தில் பிறந்திருந்தால் போதும், கைரேகை பதிய வேண்டும். பதிவு செய்யப்பட்ட ஆண்கள் இரவில் காவல் நிலையத்திலோ மணியக்காரரிடமோ ஆஜராக வேண்டும். ஒரு காலத்தில் இரவெல்லாம் ஊரைக் காத்தவர்களின் பிள்ளைகளை இப்போது இரவெல்லாம் அரசு காவல் காத்தது.

உசிலம்பட்டிக்கு அருகே உள்ள பெருங்காமநல்லூர் மக்கள் கைரேகை வைக்க மறுத்தனர். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டது. 16 பேர் இறந்தனர். அவர்களில் ஒருவர் மாயக்காள் என்ற பெண். மதுரையில் வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் ஜோசப் இந்த மக்களுக்காக வழக்காடினார். 'ரோசாப்பூ துரை' என்று அவரை அந்த மக்கள் அன்போடு அழைத்தனர்.

துப்பாக்கியால் ஆகாதது என்று தெரிந்த பிறகுதான் கள்ளர் சீரமைப்புத் திட்டம் வேகம் பிடித்தது. பள்ளிகள் திறக்கப்பட்டன. கூட்டுறவுச் சங்கங்களும் பஞ்சாயத்துகளும் அமைக்கப்பட்டன. காவல் கூலிக்குப் பதில் ஒரு வாழ்க்கை வழி வேண்டும் என்பதை 1801-இலேயே யோசித்திருந்தால் ஒரு நூற்றாண்டுத் துயரம் மிச்சமாகியிருக்கும். ஆனாலும் சட்டம் உடனே போகவில்லை. முத்துராமலிங்கத் தேவர் உள்ளிட்ட பலர் தொடர்ந்து போராடிய பின்னரே சென்னை மாகாணத்தில் 1947-இல் அது நீக்கப்பட்டது.

சுதந்திரத்துக்குப் பின்

1963-இல் ஊர்க்காவல் படைக்கான சட்டம் வந்தது. பழைய சொல்லே புதிய சீருடையில் திரும்பி வந்தது எனலாம். 1980-இல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தது. கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். தலையாரி பின்னாளில் கிராம உதவியாளர் ஆனார். தம் ஊரில் நடக்கும் சந்தேக மரணம், திருட்டுப் பொருள் வாங்கும் ஆட்கள் போன்றவற்றைத் தெரிவிக்க வேண்டியது கிராம அலுவலர்களின் கடமை. 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 40-ஆம் பிரிவில் இதைச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தைப் பிடித்த புதிய சட்டத்திலும் இந்தக் கடமை இருக்கிறது.

1993-இல் ராமநாதபுரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் பிலிப் 'ஃப்ரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். படித்த இளைஞர்கள் காவல் நிலையத்துக்கும் ஊருக்கும் பாலமாக இருப்பார்கள் என்பது அதன் நோக்கம். அது மாநிலம் முழுவதும் பரவியது. காவல் நிலையம் என்றாலே பயந்த கிராமத்து மக்களுக்கு நல்ல தொடக்கமாகத்தான் அது தெரிந்தது.

2020 ஜூனில் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தில் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தனர். நாடே கொந்தளித்தது. சி.பி.ஐ. விசாரித்து 9 காவலர்கள் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அந்த இரவில் தன்னார்வலர்களுக்கும் பங்கு இருந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அந்த அமைப்பின் தரப்பு அதை மறுத்தது. அடுத்த மாதமே அந்தத் திட்டத்துக்குத் தமிழக அரசு தடை விதித்தது.

அந்த வழக்கில் யார் என்ன செய்தார்கள் என்பதை முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் சீருடையும் சம்பளமும் இல்லாத ஒருவர் காவல் நிலையத்துக்குள் நின்றால் அவர் யாருக்குப் பதில் சொல்வார் என்ற கேள்வியை எல்லாரும் கேட்டார்கள். பழைய காவல்காரருக்கு ஈடு கட்டும் விதியாவது இருந்தது.

முடிவுரை

இந்த நீண்ட கதையில் ஒவ்வொரு முயற்சியும் ஏதோ ஒன்றை விட்டுவிட்டது. பழைய காவலில் பொறுப்பு இருந்தது, ஆனால் கூலி கொடுக்காதவருக்குப் பாதுகாப்பு இல்லை. கம்பெனி கூலியை எடுத்துக்கொண்டு பொறுப்பை விட்டது. 1816-இன் சட்டம் ஊருக்கு அதிகாரம் கொடுத்து, ஊரில் எளியவர்களைக் கட்டையில் பூட்டியது. பண்டு இயக்கம் ஒற்றுமையைக் கொண்டுவந்து, பக்கத்து வீட்டை எரித்தது. பின்னால் வந்த திட்டம் நட்பைக் கொடுத்தது, கணக்குக் கேட்கும் வழியைக் கொடுக்கவில்லை.

கிராமத்தில் குற்றத்தைக் குறைக்க மக்களின் துணை வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஊர் அறிந்ததைக் காவல் நிலையம் ஒருநாளும் தானாக அறிய முடியாது. ஆனால் அடுத்த முறை ஒரு குழு அமைக்கப்படும்போது அதில் யார் இருக்கிறார்கள் என்பதோடு யார் விடுபட்டார்கள் என்பதையும் கேட்க வேண்டும். ஊர்க்கூட்டம் நடக்கும் இடத்துக்குக் காலனித் தெருக்காரர்கள் வர முடிகிறதா? பெண்கள் பேச முடிகிறதா? குழுவில் இருப்பவர் தவறு செய்தால் யாரிடம் போய்ச் சொல்வது? இவற்றுக்கு விடை எழுதி வைத்த பிறகு விசிலும் கைவிளக்கும் கொடுக்கலாம். வேலி போடும்போதே அதற்கும் ஒரு காவல் வைக்க வேண்டும்.