எட்டு மாதக் குடியரசு

மாலத்தீவு என்றதும் வியாபாரக் குடும்பங்களாகிய நமக்கு முதலில் நினைவுக்கு வருவது மாசிக் கருவாடுதான். அந்த மாசியை இலங்கைக்கு விற்று, அங்கிருந்து அரிசி வாங்கிப் பிழைத்தவை அந்தத் தீவுகள். அங்கே ஒரு தலைவர் எழுந்து வீழ்ந்த வரலாற்றை இந்தப் பொன்விழா மலரில் பதிவு செய்ய விரும்புகிறோம்.

முஹம்மது அமீன் தீதி 1910-இல் பிறந்தவர். கொழும்பிலும் அலிகாரிலும் படித்தவர். அக்காலத்தில் மாலேயின் ஏற்றுமதி இறக்குமதி பெரும்பாலும் பம்பாயிலிருந்து வந்த போரா வணிகர்கள் கையில் இருந்தது. 1887-இல் அவர்களுடைய கடைகள் தாக்கப்பட்ட கலவரத்தைத் தொடர்ந்துதான் தீவுகள் பிரிட்டிஷ் பாதுகாப்பின்கீழ் வந்தன. அமீன் அந்தப் பிடியை உடைக்க முனைந்தார். 'போடு ஸ்டோர்' என்னும் அரசுக் கடையை அமைத்து, மாசி ஏற்றுமதியை அரசின் கைக்குக் கொண்டுவந்தார். பெண் பிள்ளைகளின் கல்விக்கு வழி திறந்தார். புகைபிடிப்பதைத் தடை செய்தார். நல்ல நோக்கம்தான், ஆனால் சுருட்டுக்குப் பழகிய மீனவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்!

இரண்டாம் உலகப் போரில் அரிசிக் கப்பல்கள் நின்றுபோய்த் தீவுகள் பட்டினியில் வாடின. ஜப்பான் காலத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று நாள் கடத்திய கதைகளை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அங்கே கிழங்கு விளையவும் போதிய மண் இல்லை. போர் முடிந்த பிறகும் தட்டுப்பாடு முற்றிலும் நீங்கவில்லை.

வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டிய இடம் இது. ஊரில் பத்துக் கடை இருந்தால், சரக்கு இல்லாதபோது பழி பத்தாகப் பிரியும். அரசே ஒரே கடையாகிவிட்டால் முழுப் பழியும் அரசின் தலையில்தான். அந்நியர் பிடியை உடைத்ததில் அமீன் மீது நமக்குக் குறையில்லை. உள்ளூர்ச் சிறு வணிகரை வளர்த்து அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம் என்பதே நம் ஆதங்கம்.

சுல்தானாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த அப்துல் மஜீத் தீதி 1952-இல் காலமானார். பல நூற்றாண்டு சுல்தான் ஆட்சிக்குப் பதிலாக 1953 ஜனவரி 1-இல் குடியரசு பிறந்தது. அமீன் அதன் முதல் தலைவரானார். மலாயா அப்போது அவசரகாலத்தில் இருந்தது. நமது மெர்டேக்காவுக்கு இன்னும் நான்கு ஆண்டுகளுக்கு மேல் இருந்தன.

ஆகஸ்டில் சிகிச்சைக்காக அவர் இலங்கை சென்றிருந்தபோது, 21-ஆம் தேதி மாலேயில் ஆட்சி கவிழ்ந்தது. துணைத் தலைவர் இப்ராஹிம் முஹம்மது தீதி பொறுப்பேற்றார். திரும்பி வந்த அமீனை அருகிலுள்ள தூனிதூ தீவில் வைத்தார்கள். ஆண்டு இறுதியில் மாலேயில் ஆட்சியை மீண்டும் பிடிக்க முயன்றபோது, கூட்டம் அவரைக் கடுமையாக அடித்தது. 1954 ஜனவரி 19-இல், 43 வயதில், விஹமனாஃபுஷி தீவில் உயிர் நீத்தார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

அதே மார்ச்சில் சுல்தான் ஆட்சி திரும்பியது. 1965-இல் முழு விடுதலை கிடைத்தது. 1968-இல் மீண்டும் குடியரசு. அதன் தலைவர் இப்ராஹிம் நாசிரும் 1978-இல் பதவி விட்டு, நம் அண்டை நாடான சிங்கப்பூரில் குடியேறி, 2008-இல் அங்கேயே காலமானார்.

அமீன் அடங்கிய விஹமனாஃபுஷியில்தான் 1972-இல் மாலத்தீவின் முதல் உல்லாச விடுதி திறக்கப்பட்டது. அவருடைய கப்ரு இன்றும் அந்த விடுதி வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது.